வாலிபப் பிள்ளையின் கட்டிலருகே



நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பிளஸ் டூ பரீட்சை என்றால் வீடே விழித்திருக்கும். ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க நகையை அடகு வைக்கிற பெற்றோர் உண்டு. அப்படிப் படிக்கிற பதினேழு வயதுப் பையனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால் எப்படியிருக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

குழந்தைகள் வார்டில் சேர்த்தால் சுற்றிலும் கைக்குழந்தைகளின் அழுகை. ஆண்கள் வார்டில் சேர்த்தால் பக்கத்துக் கட்டிலில் அறுபது வயதுப் பெரியவர். டாக்டர் தகப்பனாரிடம் பேசுகிறார். நர்ஸ் தாயாரிடம் பேசுகிறார். பையனிடம் பேச ஆளில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க, 1990-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வாலிபப் பிள்ளைகளுக்கென்றே புற்றுநோய்ப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் பிரிட்டனில் இப்படிப்பட்ட பிரிவுகளைத் தாங்கி வருகிறது. அங்கே வாலிபர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர் என்றொரு ஊழியர் இருக்கிறார். அவர் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பின் என்ன செய்கிறார்?

1. உடன் இருக்கிறார். நோயைப் பற்றியே பேசாமல், கேரம் ஆடவும் கிரிக்கெட் பேசவும் அவருக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தில்தான் பிள்ளை மனம் திறக்கிறான்.

2. படிப்பும் நட்பும் அறுந்துபோகாமல் காக்கிறார். திரும்பிப் போக ஒரு வகுப்பறை உண்டு என்று அறிந்த பிள்ளை சிகிச்சையைச் சகிக்கப் பெலன் கொள்கிறான்.

3. கேட்கக் கூசுகிற கேள்விகளுக்கு வழி திறக்கிறார். முடி திரும்ப வளருமா? எனக்குக் கல்யாணம் ஆகுமா? சில மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். சிகிச்சைக்கு முன்பே கேட்டால் விந்தணுவைச் சேமித்து வைப்பது போன்ற வழிகள் உண்டு. வெட்கப்பட்டுப் பேசாமல் விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இது சும்மா ஆறுதல் வேலை என்று நினைக்க வேண்டாம். இந்த நோயில் ஒரு வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நீடிக்கும். பிற்பகுதியில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை விழுங்க வேண்டும். இந்த வயதில்தான் மாத்திரை தவறுவது அதிகம். தவறினால் நோய் திரும்பிவரும் ஆபத்தும் அதிகம். வாய்விட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் அது வெளியே வரும்.

நம் நாட்டிலும் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக 2014-இல் மத்திய அரசு ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கி, ஆலோசனை மையங்கள் அமைத்தது. மனம் சோர்ந்தவர்கள் 2022 முதல் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். இவை நன்மையே. ஆனாலும் மாதக்கணக்கில் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கட்டிலருகே ஓர் ஆள் வேண்டும்.

கட்டிலுக்கும் கருவிக்கும் மனமுவந்து கொடுக்கிறோம். அவற்றில் பெயர் பொறிக்கலாம். பக்கத்தில் உட்காரும் ஒருவரின் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஒரு வாலிபப் பிள்ளையைப் பார்க்கப் போனால், "எப்படி இருக்கான்?" என்று தாயாரிடம் கேட்குமுன், "எப்படி இருக்கே தம்பி?" என்று அவனிடமே கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.