மாணவர் வீடியோவுக்கு ஒலி சேர்க்க 12 குறிப்புகள்

பள்ளி ப்ராஜெக்ட்டோ கல்லூரிக் குறும்படமோ, படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள். பேச்சு, பின்னணிக் குரல், சூழல் ஒலி, சிறப்பு ஒலி, இசை, மௌனம் ஆகிய ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள்வது? செல்போனையும் வீட்டுப் பொருட்களையும் வைத்தே செய்யலாம்.

1. பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருக்கட்டும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். காலர் மைக் இல்லையா? இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். துணி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. இப்படி இரண்டு போனில் பதியும்போது, தொடக்கத்தில் கேமரா முன் பளிச்சென்று ஒருமுறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில், கைகள் சேரும் ஃபிரேமுக்கு நேராக ஒலி அலையில் குத்தாக எழும் முனையை நகர்த்தினால் போதும். உதட்டசைவும் குரலும் பொருந்திவிடும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்குத்தான்.

3. பதியும் முன் மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடும் என்றால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது! போனை ஏரோபிளேன் மோடில் போடவும் மறக்காதீர்கள்.

4. பின்னணிக் குரலைக் காலி அறையில் பதிந்தால் எதிரொலிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். 'ப' வரும் இடங்களில் மூச்சுக்காற்று மைக்கில் அடிக்கும் என்பதால் மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

5. படப்பிடிப்பு முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். எல்லாரும் 30 விநாடி பேசாமல் நின்று, அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். ஆளில்லாத அறையிலும் மெல்லிய இரைச்சல் இருக்கும். பேச்சை வெட்டும் இடத்தில் அது சட்டென்று அறுந்தால் வெட்டு தெரிந்துவிடும். இந்த 30 விநாடியை அடியில் ஓடவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது.

6. காலடி, கதவு, பாத்திரச் சத்தங்களைப் படத்தைப் பார்த்துக்கொண்டே தனியாகப் பதிவதற்கு 'ஃபோலி' என்று பெயர். ஹாலிவுட்டில் இதற்கு வழிகாட்டிய ஜாக் ஃபோலியின் பெயரே அந்தக் கலைக்கு நிலைத்துவிட்டது. சமையலறையே போதும்: இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி, அலுமினியத் தாளில் அரிசியை மெல்லத் தூவினால் மழை, மொறமொறப்பான பிளாஸ்டிக் தாளை மைக் அருகே கசக்கினால் நெருப்பு, சோள மாவை ஒரு பையில் கட்டிப் பிசைந்தால் பனியில் நடக்கும் சத்தம்.

7. டம்ளர் மேசையைத் தொடும் அதே ஃபிரேமில் 'டொக்' விழ வேண்டும். முந்திக்கொண்டு வந்தால் உறுத்தும். தூரத்துக் காட்சியில் மட்டும் தாமதம்தான் இயல்பு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருவதால், அவ்வளவு தள்ளி வெடிக்கும் பட்டாசின் சத்தத்தை ஒரு விநாடி கழித்து வையுங்கள்.

8. லெவல் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும். பேச்சுக்கு அடியில் ஓடும் இசை மைனஸ் 25க்கும் கீழே போகட்டும். ஒலி 0 டெசிபலைத் தொட்டால் சிதறும். பிறகு சீராக்குவது கடினம். பேச்சின்போது பாடல் வரிகள் உள்ள இசையைத் தவிருங்கள். சொல்லும் சொல்லும் மோதும்.

9. அடுத்த காட்சியின் ஒலியைப் படத்துக்கு முன்பே நுழையவிடுங்கள். சாப்பாட்டு டப்பாவை மூடும் அம்மா திரையில் இருக்கும்போதே பள்ளி மணி அடிக்கட்டும். மணி ஓயும் முன் பள்ளி வாசலுக்கு வெட்டுங்கள். காட்சி மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும்.

10. முக்கியமான வசனத்துக்கு முன் இசையை நிறுத்தினால் கவனம் தானாகத் திரும்பும். ஆனால் சூழல் ஒலியை விட்டுவையுங்கள். எல்லாமே அடங்கிவிட்டால் பார்ப்பவர் தன் போனில்தான் கோளாறு என்று நினைப்பார்.

11. சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். யூடியூப் ஆடியோ லைப்ரரி, ஃப்ரீசவுண்ட் தளம் இரண்டிலும் இலவச ஒலிகள் உண்டு. உரிமக் குறிப்பைப் படித்துவிட்டு எடுங்கள். பெயர் குறிப்பிடச் சொல்லியிருந்தால் படத்தின் முடிவில் போடுங்கள்.

12. முடித்ததும் ஒருமுறை ஹெட்போனிலும், ஒருமுறை போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். ஹெட்போனில் கரகரப்பும் வெட்டிய இடங்களும் தெரியும். போன் ஸ்பீக்கரில் அடிநாத ஒலி அடிபட்டுப்போகும். நீங்கள் போட்ட இடிமுழக்கம் அதிலும் கேட்கிறதா என்று பாருங்கள்.

நாளை காலை சமர்ப்பிக்க வேண்டும், நேரமில்லை என்றால் இசையையும் சிறப்பு ஒலிகளையும் விட்டுவிடுங்கள். பேச்சை மட்டும் தெளிவாக்குங்கள். மதிப்பெண் போடுபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.