‘சீன்’ போடுதல்: ஒரு சொல்லாராய்ச்சி

ஒன்பதாம் வகுப்பில் மரபுத்தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். ‘நீலிக் கண்ணீர்’ என்று கரும்பலகையில் எழுதி, வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “டீச்சர், இது சீன் போடுறதுதானே?” வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. இரண்டும் ஒன்றுதானா?

அன்பு மாணவியரே, ‘சீன் போடுதல்’ என்பதன் பொருளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எறும்பு கடித்ததற்கு ஊரைக் கூட்டுவது, மதிப்பெண் இரண்டு குறைந்ததற்கு உலகமே இடிந்ததுபோல் மேசைமேல் சாய்வது, நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விம்முவது எல்லாம் சீன். இதையே வழக்கமாகக் கொண்டவளுக்குச் ‘சீன் பார்ட்டி’ என்று பட்டம். புதுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு நிமிடத்துக்கொரு முறை மணி பார்ப்பவளுக்கும் அதே பட்டம் கிடைக்கிறது. அவளை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சொல் ஆங்கிலம், அமைப்பு முழுக்கத் தமிழ். ‘வேடம் போடுதல்’ என்று நம்மிடம் முன்பே இருந்த அச்சில் வார்த்தது இது. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்ற காலத்தில், அரண்மனையும் காடும் தீட்டிய திரைகளைச் ‘சீன்’ என்றே அழைத்தார்கள். பொய்யாக உணர்ச்சி காட்டுவோரைக் குறிக்க நாம் அடிக்கடி மேடைக்குத்தான் போகிறோம். நாடகமாடுகிறாள், வேஷம் போடுகிறாள், நடிக்கிறாள் என்கிறோம். போலித் தேசபக்தர்களைச் சாடிய பாடலுக்குப் பாரதியார் வைத்த தலைப்பும் ‘நடிப்புச் சுதேசிகள்’ என்பதே. கிரேக்கரும் இப்படித்தான். நற்செய்தியில் ‘வெளிவேடக்காரர்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் உள்ள சொல் ‘ஹிப்போக்ரிட்டேஸ்’. மேடையில் நடிப்பவரைக் குறித்த சொல் அது.

‘நீலி’ மட்டும் மேடையிலிருந்து வந்தவள் அல்லள். அவளுக்கு ஓர் ஊர் உண்டு, கதை உண்டு. ஊர், திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். கதை பலவாறு வழங்குகிறது. சுருக்கம் இதுதான்: ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறக்க, அவள் பேயாகி அவனுக்காகக் காத்திருக்கிறாள். பழையனூர் வழியே வந்தவனை அவன் மனைவியின் உருவில், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியபடி பின்தொடர்கிறாள். ஊர்ச் சபையில் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில், கணவன் தன்னைக் கைவிடுகிறான் என்று அழுகிறாள். “இவள் என் மனைவி அல்லள், பேய்” என்று அவன் அலறுகிறான். சபை அவளுடைய கண்ணீரை நம்பியது. அவன் உயிருக்குத் தங்கள் உயிரே பிணை என்று சொல்லி, அன்றிரவு அவளோடு தங்க வைத்தது. விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். 7-ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு இருக்கிறது.

கதையை மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள். நீலி கொலையுண்டவள். அவளுக்கு அழக் காரணம் இருந்தது. சபையில் சொன்ன காரணம்தான் பொய். நம் மரபுத்தொடரோ பொய்யை வைத்துக்கொண்டு கொலையை மறந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பழையனூர் நீலியைச் சமணர்கள் ‘நீலகேசி’ என்னும் நூலின் தலைவியாக்கினார்கள். ஐஞ்சிறு காப்பியங்களுள் அது ஒன்று. அதில் அவள் முனிச்சந்திரர் என்ற துறவியிடம் அறம் கேட்டுத் திருந்துகிறாள். பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். வாதில் வென்ற அந்த நீலியைப் பேச்சுவழக்கில் யாரும் நினைப்பதில்லை. ‘நீலி’ என்ற வசைக்கு ஆண்பால் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகள் அழுது சாதிப்பதே இல்லையா, என்ன!

இனி, கடைசிப் பெஞ்சு மாணவிக்கு மறுநாள் நான் சொன்ன பதில். இரண்டும் ஒன்றல்ல. நீலிக் கண்ணீர் என்றால் உணர்ச்சியே பொய். உள்ளே ஒரு நோக்கம் ஒளிந்திருக்கிறது. சீன் என்ற சொல்லோ வலையை மிக அகலமாக வீசுகிறது. பாசாங்குக்காரியும் அதில் விழுகிறாள், தொட்டாற்சிணுங்கியும் விழுகிறாள், உண்மையிலேயே வலிப்பவளும் விழுகிறாள். முன்பு இவர்களுக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. மாய்மாலக்காரி வேறு, அழுமூஞ்சி வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார். பிறரால் இகழப்படுவது, இழப்பு, முன்னிருந்த நிலை குலைவது, வறுமை. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவதே மெய்ப்பாடு. பிறர் இகழ்வதையே அவர் முதற்காரணமாக வைத்திருக்கிறார். ஆகவே அழுகிறவளைப் பார்த்துச் “சீன் போடாதேடீ” என்று சொல்லும்போது, அழுவதற்கு இன்னொரு காரணத்தையும் நாமே கொடுக்கிறோம்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்கும் அழுகிறவள் என்று பெயரெடுத்தவள். “சீன் டீச்சர், நேற்றும் இப்படித்தான்” என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். நான் அருகில் போய்ப் பார்க்கக்கூட இல்லை. “எழுந்து நில்லம்மா, எல்லாருக்கும்தான் வெயில் அடிக்கிறது” என்றேன். அவளும் எழுந்து நின்றாள். ஒத்திகை முடியும்வரை நின்றாள். அன்றிரவே குடல்வால் அழற்சி என்று அவளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தவள், எப்போதும்போல் எனக்கு வணக்கம் சொன்னாள். “அன்றைக்கு ஏனம்மா நீ அழுத்திச் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னேனே டீச்சர்” என்றாள்.