சினைப் பசுவின் ஈற்றுக்காலப் பராமரிப்பு
திருப்பதியை அடுத்த சந்திரகிரி வட்டாரத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் சிறு விவசாயியின் குடும்பத்தைத் தாங்குவது கறவைப் பசுவே. ஈற்றின்போது பசுவோ கன்றோ இறக்குமாயின் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

சினைப்படுத்திய தேதியைக் குறித்து வைத்தல் அவசியம். அதிலிருந்து சுமார் 280 நாட்களில் பசு கன்று ஈனும். அதற்கு 60 நாட்கள் முன்பே பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும்.

மடி பெருத்து, வாலடியின் இருபுறமும் குழி விழுமாயின் ஈற்று நெருங்கிவிட்டது எனலாம். அப்போது பசுவை வைக்கோல் பரப்பிய தூய தனியிடத்தில் விட்டு, இரவிலும் கவனித்தல் வேண்டும். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வெளிவராவிடில், இழுத்துப் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பிறந்த கன்றின் தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்ட வேண்டும். 12 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிடினும் மருத்துவரை நாடுவதே நலம்.