ஸ்கேன் எடுக்கும்போது ஊசி எதற்கு?



"இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும், மருந்து ஊசியும் போடணும்" என்று டாக்டர் சொன்னால் நம்மில் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்த ஊசி என்ன செய்கிறது என்று இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

எம்.ஆர்.ஐ. மெஷின் ஒரு பெரிய காந்தம். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் இதயத்தின் ரத்தக்குழாய் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம்தான். இதயமோ நிற்காமல் துடிக்கிறது, மூச்சு விட்டாலும் அசைகிறது. ஓடுகிற பஸ்ஸில் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரிதான்! அதனால்தான் நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர் ஒட்டி, "மூச்சை அடக்குங்க" என்கிறார்கள்.

கை நரம்பில் ஏற்றும் மருந்தில் காடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது. உடம்பைப் பாதிக்காதபடி வேறொரு ரசாயனத்தோடு அதைப் பிணைத்திருப்பார்கள். 1988 முதல் இது பயன்பாட்டில் உள்ளது. இது கலந்ததும் ரத்தம் படத்தில் பளிச்சென்று தெரியும். ரத்தம் சரியாகப் போகாத தசை மங்கலாகத் தெரியும். சுமார் 10 நிமிடம் கழித்து எடுத்தால், மாரடைப்பால் தழும்பான இடம் வெளிச்சமாகத் தெரியும்.

குழாய் அடைப்பை மட்டும் பார்க்கப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் அல்லது ஆஞ்சியோகிராம்தான் செய்வார்கள். அதற்குப் போடுவது அயோடின் மருந்து. இரண்டும் வேறு வேறு.

கிட்னி நன்றாக இருந்தால் காடோலினியத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் நோய் வரலாம் என்று 2006-ல் தெரியவந்தது. புதிய வகை மருந்துகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் முதலில் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது. சுகர், பிரஷர் உள்ளவர்கள் இதைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை:

1. கிட்னி கோளாறு, டயாலிசிஸ்.
2. மாதம் தள்ளிப்போயிருந்தால் அதையும். பக்கத்தில் யார் இருந்தாலும் கூச்சம் வேண்டாம்.
3. முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி, மூச்சுத்திணறல் வந்தது.
4. உடம்பில் பேஸ்மேக்கர், கிளிப், பிளேட் இருப்பது.

தாலி, மெட்டி, ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடணும். காந்தம் இரும்பை இழுக்கும், மற்ற உலோகம் சூடாகலாம். வெறும் மஞ்சள் கயிறு இருந்தால் தப்பில்லை. இதில் அபசகுனம் எதுவும் இல்லை சகோதரிகளே, உயிர்தான் முக்கியம்.

கூட்டத்தில் கலந்து பேச: நம் குழுவில் சுகர், பிரஷர் உள்ளவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் கிரியாட்டினின் பார்த்திருக்கிறோம்?