சும்மா கிடக்கும் நாளுக்கும் வாடகை உண்டு



சென்னையை அடுத்த கோவளம் பக்கம் கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். கடையோடு இதையும் நடத்தலாமே என்று நம்மில் சிலர் எண்ணலாம். முதலில் அடக்கம் பார்ப்போம்.

உதாரணமாக, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் உட்பட ஒரு படகு ரூ.36,000, 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ.9,000. பழுதுச் செலவு ரூ.3,000. ஆள் சம்பளம், இட வாடகையில் அதன் பங்கு ரூ.48,000. ஆக மொத்தம் ரூ.60,000.

தினம் 2 மணி நேரம் வீதம் 365 நாளும் ஓடினால், மணிக்கு அடக்கம் ரூ.82தான். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மற்ற மாதங்களிலும் விடுமுறை நாட்களில்தான் கூட்டம். 150 நாள்தான் ஓடும் என்றால் அடக்கம் ரூ.200!

இருவர் அமரும் படகுக்கும், துணைக்கு ஆள் வந்தாலும் வாடகை கூடும். அரைநாளுக்கு மொத்தமாக எடுத்தால் மணி வீதம் குறையும். பக்கத்துக்காரர் ரூ.150 என்கிறாரே என்று நாமும் இறங்கினால் மணிக்கு ரூ.50 கைநஷ்டம். அதை ஈடுகட்ட, கிழிந்த லைஃப் ஜாக்கெட்டை மாற்றாமல் விட்டால் ஓர் உயிரே போகலாம்.

பாத்திரமோ, பந்தலோ, வண்டியோ, எதை வாடகைக்கு விட்டாலும் ஓடாத நாளைக் கணக்கில் சேர்த்த பின்பே விலை சொல்வோம்.