வெள்ளையில என்னக்கா இருக்கு?

"வெள்ளையில போயி என்னக்கா பாக்கறீங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் பெயிண்டர். பால் காய்ப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. கடையில் ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளைகளில் கொஞ்சம் இதமாகத் தெரிந்ததைக் காட்டினேன். 20 லிட்டர் பக்கெட் கலந்து வந்துவிட்டது.

பட்டி, ப்ரைமர், தேய்ப்பு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. இரண்டாவது கோட்டிங் காய்ந்ததும் எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டுகளை மாட்டினார். அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. பளிச்சென்ற அந்த வெள்ளைத் தகட்டைச் சுற்றி என் சுவர், பெட்டியில் கிடந்து பழுப்பேறிய வேட்டி போல இருந்தது. பால் காய்ப்பன்று நாத்தனார் கேட்டாள்: "பழைய வீட்டையா மதினி வாங்கினீங்க?"

நீலம் முக்கிய வேட்டியும் கோராத் துணியும் தனித்தனியே பார்த்தால் வெள்ளைதான். ஒரே கொடியில் காயப்போட்டால் தெரிந்துவிடும். பெயிண்டும் அப்படித்தான். வெள்ளை பேஸில் மெஷின் விடும் சில துளி மஞ்சளோ கறுப்போ சிவப்போ சின்னக் கார்டில் தெரியாது. நாலு சுவரிலும் அடித்து, ஒரு சுவரின் வெளிச்சம் இன்னொன்றில் பட்டுத் திரும்பும்போது நிறம் கூடிவிடும். போதாக்குறைக்கு எங்கள் ஹாலில் சிவப்பு ஆக்சைடு தரை, மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் தரையில் விழுந்து சுவரில் சிவப்பாக ஏறும். கடையில் 6500 கெல்வின் டியூப் லைட்டில் தேர்ந்தெடுத்ததை வீட்டில் 3000 கெல்வின் பல்பின் கீழ் வைத்தேன். மஞ்சள் வெளிச்சம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் தப்பில்லை. விளக்கை முடிவு செய்த பிறகு வெள்ளையை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கார்டில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருந்தால் அதை நம்பி எடுக்காதீர்கள். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதைத்தான் அது சொல்லும், உள்ளே மஞ்சள் ஓடுகிறதா நீலம் ஓடுகிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு ஒரு ஏ4 தாள் போதும். கார்டின் பக்கத்தில் வைத்தால் உள்நிறம் வெளியே வந்துவிடும்.

பிறகு பிடித்த இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய சுவரில் நேரடியாகவும் அடிக்காதீர்கள், பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையைச் சுவருக்குச் சுவர் மாற்றி, காலை, மாலை, விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள். சுவிட்ச் தகடு ஒன்றையும் சீலிங் வெள்ளையையும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பெயிண்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் இதையெல்லாம் செய்தது இரண்டாவது பக்கெட் வாங்கும்போது. முதல் பக்கெட்டில் மிஞ்சியது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கலர் கலந்துவிட்ட பெயிண்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.