கோப்பி அழிந்த கதை

மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்ற தமிழகத்துத் தொழிலாளரைப் பற்றி நம் மாணவர் வரலாற்றிற் படிக்கின்றனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மடிந்தோர் பலர். அவர்களை முதலில் அழைத்தது தேயிலையன்று, கோப்பியே. இதனை வகுப்பிற் கூறுந்தோறும் மாணவர் வியப்புறுதலை நாம் கண்டிருக்கின்றோம்.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படியலாயிற்று. அது ஒருவகைப் பங்கசு. 1880இல் ஈழம் வந்து அதனை ஆராய்ந்தவர் மார்ஷல் வார்ட். காற்றிற் பறக்கும் வித்திகளால் அந்நோய் பரவுவதையும், இடையே வேறு மரமின்றி மலைமலையாய்க் கோப்பியே நின்றமை அதற்கு வாய்ப்பாயினமையையும் அவர் விளக்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அத்தொழில் வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. துரைமாரிற் பலர் நொடித்தனர். முதலுடையோர் சிங்கோனாவுக்கும், பின்னர்த் தேயிலைக்கும் மாறினர். 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார் அன்றோ! ஆனால், வீட்டு வளவிற் கோப்பி வளர்த்து விற்ற கண்டிக் கிராமத்தவர்க்கு அவ்வாறு மாற முதல் ஏது?

அந்நோய் இன்னும் ஒழியவில்லை. அராபிக்காக் கோப்பிக்கு உகந்தது 18 முதல் 22 பாகை செல்சியசு வெப்பம். உலகு வெப்பமுறவே, குளிரால் முன்பு காக்கப்பட்ட உயரங்களுக்கும் நோய் ஏறுகின்றது. 2012இல் மத்திய அமெரிக்க நாடுகளில் அது பெருஞ்சேதம் விளைத்தது. நோய் தாங்கும் இனத்தை நடுக, நிழல்மரம் வளர்க்க என அறிஞர் கூறுவர். நன்று. எனினும், புதுக்கன்று பயன்தர மூன்று நான்கு ஆண்டுகள் செல்லுமே! அதுவரை சிறு விவசாயியின் குடும்பம் எதனை உண்ணும்? அறிவுரையோடு கன்றும், தவணை நீண்ட கடனும், இடைப்பயிராய் வாழையும் அவரையும் சென்றாலன்றி அவன் பழைய மரத்தை வெட்டத் துணியான். அதனை அறியாமை என்று பழித்தல் தகாது.

நெல் விதைக்கும் நம்மவர்க்கு விதையை மாற்ற ஒரு போகமே போதும். ஆயினும், 2018 மார்கழியில் இரணைமடு பெருகிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்கள் மூழ்கியபின், கடன் அடுத்த போகத்தையும் தொடர்ந்தமையை நாம் அறிவோம். மூன்று மாதத்தில் விளையும் பிஜி 300 போன்ற நெல்லினங்களைப் பற்றி வகுப்பில் ஒருநாள் பேசினோம். “விதைநெல்லுக்குக் காசு, ஐயா?” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். அவ்வினாவையே பத்தாந் தரத்தார்க்கு அவ்வாரக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தோம்.